ஆலை மூடிய பிறகும் ஊறும் மஞ்சள் நீர்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் நடுவில் தொடங்கி ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஓடியது. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளை அது தயாரித்தது. 1990களின் நடுப்பகுதியில் ஆலை மூடப்பட்டது. சூளை அணைந்தது, தொழிலாளர்கள் வேறு வேலை தேடிப் போனார்கள், கட்டடங்கள் துருப்பிடித்துச் சரியத் தொடங்கின. வளாகத்தில் 3 முதல் 5 மீட்டர் உயரத்துக்குக் கொட்டி வைத்திருந்த கழிவுக் குவியல் மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதன் எடை ஒன்றரை லட்சம் டன் என்று ஒரு மதிப்பீடு சொன்னது. பின்னால் வந்த கணக்குகள் இரண்டேகால் லட்சம் டன் வரை போயின.

ஒரு ஆலை நிற்கும் நாளில் அதன் புகை நின்றுவிடும். குழாய் வழியாக ஓடையில் விழும் கழிவுநீரும் நின்றுவிடும். நிலத்தடி நீருக்கு மட்டும் அந்த நாள் ஒரு பொருட்டே அல்ல. அடுத்த பருவமழையில் குவியல் நனைந்தது, மஞ்சள் நீர் கசிந்தது, மண்ணுக்குள் இறங்கியது. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. கால் நூற்றாண்டு கடந்த பிறகும் அந்தப் பக்கத்துக் கிணறுகளில் குரோமியம் வந்துகொண்டிருந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் என்ற அமெரிக்க அமைப்பு உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது.

இது ஏன் தானாக நிற்பதில்லை, நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்பதை வேதியியலும் நிலவியலும் தெளிவாகவே சொல்கின்றன. நமக்கு வராத பாடம் இரண்டுதான்: எந்த வேலையை முதலில் செய்வது, அதற்கான பணத்தை எப்போது எடுத்து வைப்பது.

தோலுக்கு ஏன் குரோமியம்?

பச்சைத் தோல் அப்படியே விட்டால் அழுகிவிடும். அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் அழுகாது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இந்த வேலையைச் செய்தன. தொட்டியில் ஊறப்போட்டு வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குரோமிய உப்பு வந்தது. சுழலும் டிரம்முக்குள் தோலையும் உப்புக் கரைசலையும் போட்டால் ஒரு நாளிலேயே வேலை முடிகிறது. தோல் மெல்லியதாக, வெந்நீர் பட்டாலும் சுருங்காததாக வருகிறது. நீல நிறத்தில் ஈரத்தோடு வெளிவருவதால் தொழிலில் அதற்கு ‘வெட் ப்ளூ’ என்று பெயர். பாலாற்றுப் பகுதியின் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் உலகச் சந்தைக்குத் தோல் அனுப்பும் ஊர்களாக வளர்ந்ததில் இந்த உப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த உப்பைத் தயாரிக்கும் வழிதான் கடினமானது. குரோமைட் என்ற கறுப்புத் தாதுவிலிருந்து தொடங்க வேண்டும். இந்தியாவில் அது பெரும்பாலும் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் கிடைக்கிறது. தாதுவை மாவாக அரைத்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுழலும் சூளையில் காற்றோட்டத்தோடு வறுக்கிறார்கள். தாதுவில் தண்ணீரில் கரையாமல் இருந்த குரோமியம், ஆக்சிஜனோடு சேர்ந்து சோடியம் குரோமேட் என்ற மஞ்சள் உப்பாக மாறுகிறது. இது தண்ணீரில் நன்றாகக் கரையும். அதைக் கழுவி எடுத்து, கந்தக அமிலம் சேர்த்து, டைகுரோமேட்டாக்கி, பிறகு தோல் பதனிடும் உப்பாக மாற்றுகிறார்கள்.

கழுவியெடுத்த பிறகு மிஞ்சும் சக்கைதான் அந்தக் குவியல். சுண்ணாம்பு சேர்க்கும் பழைய முறையில் 1 டன் டைகுரோமேட்டுக்கு 1 டன்னைத் தாண்டிய சக்கை மிஞ்சும். சூளையில் தாது உருகி ஒட்டிக்கொள்ளாமல், காற்று உள்ளே புகுவதற்காகத்தான் சுண்ணாம்பைச் சேர்த்தார்கள். ஆனால் அதே சுண்ணாம்பு சக்கையில் தங்கி, அதைக் கடுமையான காரத்தன்மை உடையதாக ஆக்குகிறது. அதன் pH 11, 12 வரை இருக்கும். அந்தக் காரத்தில் சிமென்ட் போன்ற கனிமங்கள் உருவாகி, கழுவப்படாமல் விடுபட்ட குரோமேட்டைத் தங்களுக்குள் பூட்டி வைத்துக்கொள்கின்றன. பூட்டு நிரந்தரமானதாக இருந்தால் கவலையில்லை. மழைநீர் பட்டுப் பட்டு அந்தக் கனிமங்கள் மெல்லக் கரைகின்றன, கரையும்போதெல்லாம் கொஞ்சம் குரோமேட் வெளியேறுகிறது. காபி பில்டரில் இரண்டாவது டிகாக்‌ஷன் முதலாவதைவிடத் தண்ணியாகவும், மூன்றாவது வெறும் வெந்நீராகவும் இறங்கும். இந்தச் சக்கையில் இருபதாவது மழைக்கும் மஞ்சளாகவே இறங்குகிறது. காரணம் அந்தப் பூட்டிய சரக்கு.

ஒரே உலோகம், இரண்டு குணம்

குரோமியத்தை 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி நிக்கோலா வொக்லாங், சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கனிமத்தில் கண்டுபிடித்தார். அதன் சேர்மங்கள் மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, ஊதா எனப் பல நிறம் காட்டுவதால் நிறம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயரிட்டார்கள். இந்த நிறமாற்றத்துக்குப் பின்னால் இருப்பது ஆக்சிஜனேற்ற நிலை. ஒரு குரோமிய அணு மூன்று எலக்ட்ரான்களை இழந்திருந்தால் அது குரோமியம்-3. ஆறு எலக்ட்ரான்களை இழந்திருந்தால் குரோமியம்-6.

குரோமியம்-3 தண்ணீரில் எளிதில் கரையாது. வழக்கமான கிணற்று நீரின் அமில-கார நிலையில் பச்சை நிற ஹைட்ராக்சைடாகப் படிந்து, மண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. தோலுக்குள் பிணைந்து நிற்பது இந்த வகைதான். குரோமியம்-6 இதற்கு நேர்மாறானது. அது தனியாக இருப்பதில்லை, நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து குரோமேட் என்ற எதிர்மின் அயனியாகத் தண்ணீரில் உலவுகிறது. மண்ணிலுள்ள களித்துகள்களின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் ஈயம், காட்மியம் போன்ற நேர்மின் உலோக அயனிகளைக் களிமண் பிடித்து நிறுத்திக்கொள்கிறது, குரோமேட்டை விலக்கித் தள்ளுகிறது. காரத்தன்மை கூடக் கூட இந்த விலக்கல் வலுக்கிறது. தண்ணீர் எங்கே போகிறதோ, ஏறக்குறைய அதே வேகத்தில் குரோமியம்-6 உடன் போகிறது.

உடலுக்குள்ளும் இதே வேறுபாடுதான் வேலை செய்கிறது. குரோமேட் அயனியின் வடிவம் சல்பேட் அயனியை ஒத்திருக்கிறது. நம் செல்களுக்கு சல்பேட் தேவை, அதை உள்ளே இழுக்க செல்சவ்வில் வாயில்கள் உண்டு. அந்த வாயில் குரோமேட்டையும் சல்பேட் என்று எடுத்துக்கொண்டு உள்ளே விடுகிறது. உள்ளே போனதும் வைட்டமின் சி, குளுட்டாதயோன் போன்றவை அதற்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து, படிப்படியாகக் குரோமியம்-3 ஆக்குகின்றன. இந்த இறங்குமுகத்தில் இடைநிலையில் தோன்றும் வடிவங்களும் இறுதியில் நிற்கும் குரோமியம்-3உம் டிஎன்ஏவைச் சிதைக்கின்றன, அதோடு பிணைந்தும் கொள்கின்றன. வெளியிலிருந்து வந்தால் செல்லுக்குள் எளிதில் நுழைய முடியாத குரோமியம்-3, இப்படி உள்ளேயே பிறக்கும்போது ஆபத்தாகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, குரோமியம்-6 சேர்மங்களை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 1990இல் முதல் பிரிவில் வைத்தது. குரோமேட் ஆலைகளில் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரல்தான் அதற்கு முக்கியச் சான்று. குடிநீரில் வந்தால் என்ன ஆகும்? விழுங்கிய குரோமியம்-6இல் ஒரு பகுதியை வயிற்று அமிலம் குரோமியம்-3 ஆக்கிவிடுகிறது. முழுவதையும் அல்ல. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சோடியம் டைகுரோமேட் கலந்த நீரை 2 ஆண்டுகள் குடித்த எலிகளுக்கு வாயிலும், சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் புற்றுக்கட்டிகள் வந்தன. அவற்றுக்குக் கொடுத்த அளவு மிக அதிகம்தான். இருந்தாலும், வயிறு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை அந்த ஆய்வு தளர்த்திவிட்டது. இவை தவிர, செறிவான குரோமேட் நீர் தோலில் படும்போது ஆறாத புண்கள் வரும், ஒவ்வாமை வரும்.

ஒரு கிராம் எவ்வளவு தண்ணீரைக் கெடுக்கும்?

இந்தியத் தரநிலை அமைவனத்தின் குடிநீர் வரையறை, 1 லிட்டர் நீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் அதுவே. கலிபோர்னியா மாநிலம் 2024இல் குரோமியம்-6க்கு மட்டும் தனி வரம்பு கொண்டு வந்தது. அது 0.01 மில்லிகிராம், அதாவது நம்முடையதில் ஐந்தில் ஒரு பங்கு.

0.05 மில்லிகிராம் என்ற எண்ணைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். 1 கிராம் குரோமியம்-6, 20,000 லிட்டர் நீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவரும். 1 கிலோ, 2 கோடி லிட்டரை. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது சுமார் 10,300 கோடி லிட்டர். அந்த ஏரி நிரம்பி இருக்கும்போது 5 டன்னுக்குச் சற்று அதிகமான குரோமியம்-6 போதும். ராணிப்பேட்டைக் குவியலை 2 லட்சம் டன் என்றும், அதில் கரையக்கூடிய குரோமியம்-6 நூற்றில் ஒரு பங்கு என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 2,000 டன் வருகிறது. ஏறத்தாழ 390 செம்பரம்பாக்கங்கள்.

அத்தனையும் ஒரே நாளில் கரையப் போவதில்லை. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓராண்டில் 1 மீட்டர் மழை பெய்தால் 40 லட்சம் லிட்டர் நீர் விழுகிறது. வட தமிழகத்தின் இந்தப் பகுதியில் ஆண்டு மழை அந்த அளவை ஒட்டித்தான் இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி ஓடும், மிச்சம் குவியலுக்குள் இறங்கி மஞ்சளாக வெளியேறும். ஒவ்வோர் ஆண்டும் குவியல் இழப்பது அதன் இருப்பில் சொற்பம். அதனால்தான் அது பத்தாண்டுகளுக்குத் தாங்குகிறது, நூறாண்டுகளுக்கும் தாங்கும்.

பாறைக்குள் போகும் வழி

ராணிப்பேட்டையின் அடியில் இருப்பது ஆற்று மணலும் கடின நைஸ், கிரானைட் பாறைகளும். மேலே சில மீட்டர் மண், அதற்குக் கீழே சிதைந்து நொறுங்கிய பாறை, அதற்கும் கீழே திடமான பாறை. திடப் பாறைக்குள் தண்ணீர் வெடிப்புகள் வழியாக மட்டுமே போகிறது. கிணறு வெட்டுபவர்கள் ஊற்றுக்கண் என்று தேடுவது அந்த வெடிப்புகளைத்தான். ஒரு போர்வெல் வெடிப்பைத் தொட்டால் தண்ணீர், நாலடி தள்ளிப் போட்டால் வெறும் புழுதி என்பது இந்தப் பகுதி விவசாயிகளுக்குப் பழகிப்போன அனுபவம்.

மாசும் இதே வெடிப்புகளில்தான் பயணிக்கிறது. ஆகவே, குவியலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டும் வைத்து ஒரு கிணறு கெட்டிருக்குமா என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கிணறு தப்பியிருக்கலாம், அதைத் தாண்டிய கிணறு கெட்டிருக்கலாம். ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இங்கே மண்ணின் மின்தடையை அளந்து மாசின் பாதையைத் தேடினார்கள். உப்புகள் கரைந்த நீர் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். தரையில் வரிசையாகக் கம்பிகளை நட்டு, மின்சாரம் செலுத்தி, எங்கே எதிர்ப்பு குறைகிறது என்று பார்த்தால், தோண்டாமலேயே கசிவு இறங்கிய இடத்தின் படம் கிடைக்கும். குவியலை ஒட்டிய நிலத்தடி நீரில் குரோமியம் குடிநீர் வரம்பைப்போலப் பல நூறு மடங்கு இருப்பதை ஆய்வுகள் காட்டின. நீரோட்டத்தின் பொதுவான சரிவு பாலாற்றை நோக்கி இருக்கிறது. காரை, புளியங்கண்ணு போன்ற ஊர்களின் பெயர்கள் ஆய்வறிக்கைகளில் மீண்டும் மீண்டும் வருவது இதனால்தான்.

சிதைந்த பாறை இன்னொரு வேலையும் செய்கிறது. அதன் நுண்துளைகளில் தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பக்கத்து வெடிப்பில் செறிவான குரோமேட் நீர் பல ஆண்டுகள் ஓடும்போது, அது மெல்ல மெல்ல இந்தத் துளைகளுக்குள் பரவி நிறைகிறது. பிறகு வெடிப்பில் நல்ல நீர் ஓடினாலும், துளைகளிலிருந்து குரோமேட் திரும்ப வெளியே பரவுகிறது. மாசு நீரை மோட்டார் வைத்து இறைத்துச் சுத்தம் செய்யும் இடங்களில், சில மாதங்களில் அளவு நன்றாகக் குறைந்து, மோட்டாரை நிறுத்தியதும் மறுபடி ஏறுவதற்கு இதுவே காரணம். ஒரு நல்ல அளவீடு வந்தவுடன் வெற்றி என்று அறிவிப்பது எவ்வளவு தவறு என்பதையும் இது காட்டுகிறது.

கண்ணை நம்பலாமா?

கிணற்று நீர் மஞ்சளாக இருந்தால் யாரும் குடிக்க மாட்டார்கள். சிக்கல், மஞ்சள் தெரியாத நீரில்தான் இருக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமை நெருங்கும்போதுதான் நிறம் கண்ணுக்குப் பிடிபடத் தொடங்கும். அது வரம்பைப்போல 20 மடங்கு. அதற்குக் கீழே தண்ணீர் தெளிவாக இருக்கும், வாடை இருக்காது.

கொதிக்க வைப்பதால் பயனில்லை. கிருமி சாகும், குரோமியம் சாகாது. நீர் ஆவியாகக் குறையும் அளவுக்குக் குரோமியத்தின் செறிவு கொஞ்சம் கூடவே செய்யும். வீட்டில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரும் உதவாது. அது கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டும். 500 மில்லிகிராம் உப்புள்ள சாதாரண நீரில் 0.05 மில்லிகிராம் ஒளிந்துகொண்டால் அந்தக் கருவிக்குத் தெரியாது. ஆர்ஓ இயந்திரம் குரோமேட்டின் பெரும்பகுதியைப் பிரிக்கும். ஆனால் பிரித்த குரோமேட் அது வெளியே தள்ளும் கழிவு நீரில்தான் இருக்கும். அது மீண்டும் தோட்டத்து மண்ணுக்கே போகும். மூடிய குரோமேட் ஆலை, எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறை, தோல் கழிவு மேடு ஆகியவற்றின் அருகில் கிணறு வைத்திருப்பவருக்கு உள்ள ஒரே நம்பகமான வழி, ஆய்வுக்கூடத்தில் குரோமியத்துக்கென்றே சோதனை செய்வதுதான். மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் செய்ய வேண்டும். அளவு பருவத்தோடு மாறும்.

கிளாஸ்கோவும் ஹிங்க்லியும்

ராணிப்பேட்டைக்கு முன்னால் இதே பாதையில் நடந்த ஊர்கள் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை ஒட்டிய ரதர்க்லெனில் ஜே அண்ட் ஜே ஒயிட் என்ற ஆலை 19ஆம் நூற்றாண்டில் உலகின் பெரிய குரோமேட் ஆலைகளில் ஒன்றாக இருந்தது. அங்கே வேலை செய்தவர்களின் மூக்குத் தண்டைக் குரோமேட் தூசி அரித்துத் துளையிட்டது. தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி 1899இல் அந்த ஆலையின் நிலையை வெளியே கொண்டு வந்து எழுதினார். ஆலை 1960களின் இறுதியில் மூடப்பட்டது. அதன் சக்கையைக் குழிகளில் கொட்டி, மேலே மண் போட்டு, வீடுகளும் மைதானங்களும் அமைத்தார்கள். மூடி அரை நூற்றாண்டு கழித்து, 2019இலும் 2021இலும், அந்தப் பகுதியின் போல்மடி ஓடை பளிச்சென்ற பச்சை நிறமாக ஓடியது.

கலிபோர்னியாவின் ஹிங்க்லியில் எரிவாயுக் குழாய்த் தடத்தின் அழுத்த நிலையம் ஒன்று இருந்தது. 1952 முதல் 1960களின் நடுப்பகுதி வரை, குளிர்விப்பு நீரில் துருப்பிடிக்காமல் இருக்கக் குரோமியம்-6 கலந்து, அந்த நீரைத் தளம் போடாத குட்டைகளில் விட்டார்கள். அந்த நிலையத்தை நடத்திய பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் 1996இல் ஊர் மக்களுக்கு 33.3 கோடி டாலர் இழப்பீடு கொடுத்தது. எரின் பிரோக்கோவிச் என்ற திரைப்படத்தால் இந்தக் கதை உலகம் முழுவதும் தெரிந்தது. திரைப்படம் வழக்கோடு முடிந்துவிடுகிறது, நிலத்தடியில் அது முடியவில்லை. பதினைந்து ஆண்டு கூட நீடிக்காத ஒரு பழக்கத்தின் விளைவைச் சுத்தம் செய்யும் பணி, அரை நூற்றாண்டைத் தாண்டிய பின்பும் அங்கே நடந்துகொண்டிருந்தது.

ஆறை மூன்றாக்கும் வழி

குரோமியத்தை அழிக்க முடியாது, அது தனிமம். ஆனால் குரோமியம்-6க்கு மூன்று எலக்ட்ரான்களைத் திருப்பிக் கொடுத்தால் குரோமியம்-3 ஆகி, படிந்து, இடம் பெயராமல் நின்றுவிடும். எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய மலிவான பொருட்கள் ஏராளம். பெரஸ் சல்பேட், இரும்புத் தூள், சல்பைடு, கரும்பாலையில் மிஞ்சும் மொலாசஸ் எல்லாம் இதைச் செய்யும். மொலாசஸ் போட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று, ஆக்சிஜனைத் தீர்த்து, குரோமேட்டைக் குறைக்கும் சூழலை உருவாக்குகின்றன. ஹிங்க்லியில் நிலத்தடிக்குள் எத்தனால் செலுத்தினார்கள். குரோமிய நீரை இறைத்துத் தீவனப் பயிர் வயல்களுக்கும் பாய்ச்சினார்கள். வேர்ப் பகுதியின் கரிமப் பொருட்கள் ஆறை மூன்றாக்கின.

அமெரிக்காவின் வட கரோலினாவில், எலிசபெத் சிட்டி என்ற ஊரில் கடலோரக் காவல்படையின் பழைய முலாம் பூசும் பட்டறை ஒன்று 30 ஆண்டுகளுக்கு மேல் இயங்கி 1984இல் மூடப்பட்டது. தரைவழியே கசிந்த குரோமேட் அருகிலிருந்த ஆற்றை நோக்கி நகர்ந்தது. 1996இல் அதன் குறுக்கே நிலத்துக்கடியில் 46 மீட்டர் நீளமும் 7 மீட்டருக்கு மேல் ஆழமும் கொண்ட இரும்புத் துகள் சுவர் ஒன்றை அமைத்தார்கள். தண்ணீர் சுவர் வழியாக ஊறிப் போகும், இரும்பு துருப்பிடிக்கும்போது விடும் எலக்ட்ரான்களைக் குரோமேட் வாங்கிக்கொண்டு சுவருக்குள்ளேயே படிந்துவிடும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. 15 ஆண்டுகள் கண்காணித்தபோதும் சுவர் குரோமேட்டைத் தடுத்து வந்தது தெரிந்தது.

ராணிப்பேட்டைக்கு இதை அப்படியே பெயர்த்துக் கொண்டுவர முடியாது. எலிசபெத் சிட்டியின் அடியில் மணல், நீரோட்டம் ஒரே சீராகப் போகும். பாறை வெடிப்புகளுக்குக் குறுக்கே சுவர் எழுப்பினால் தண்ணீர் சுவருக்குக் கீழே இன்னொரு வெடிப்பில் நழுவிவிடும். சக்கைக்கு நேரடியாக மருந்து போடுவதிலும் தடை உண்டு. பெரஸ் சல்பேட்டைக் கொட்டினால் சுண்ணாம்பின் காரம் முதலில் அதைத் தீர்த்துவிடுகிறது. காரத்தை முறிக்க அமிலம் ஊற்றினால் ஏராளமாகத் தேவைப்படும், பூட்டியிருந்த குரோமேட்டும் ஒரேயடியாக வெளியேறும். சல்பேட் சேர்வதால் புதிய கனிமங்கள் வளர்ந்து சக்கை உப்பவும் கூடும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் குவியல். அதைத் தோண்டியெடுத்து, துகளாக்கிப் பதப்படுத்தி, அடியில் நீர்புகாத் தளமும் மேலே மூடியும் உள்ள பாதுகாப்பான நிலநிரப்பில் வைக்க வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், அதுவரை மழை படாமல் மூட வேண்டும், ஓடி வரும் மழைநீரைச் சுற்று வாய்க்காலால் திருப்ப வேண்டும், கசியும் நீரைப் பிடித்துச் சுத்திகரிக்க வேண்டும். அடுத்து, செறிவான மாசு நீர் இருக்கும் வெடிப்புகளைக் கண்டுபிடித்து இறைப்பது. மூன்றாவதாக, விளிம்பில் நீர்த்துப் பரவிய மாசை எலக்ட்ரான் கொடுக்கும் பொருளைச் செலுத்திச் சரிசெய்வது. முதல் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் எவ்வளவு செய்தாலும், ஒவ்வொரு கார்த்திகை மழையும் அந்த உழைப்பைக் கரைத்துவிடும். இந்த வேலைகள் நடக்கும் ஆண்டுகளில் சுற்றியுள்ள ஊர்களுக்கு வெளியிலிருந்து குழாய் வழியே குடிநீர் தருவது சலுகை ஆகாது. அது சிகிச்சையின் ஒரு பகுதி.

பணத்தை எப்போது எடுத்து வைப்பது?

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைப் பற்றிய வழக்கில்தான். வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. நாடு முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் அந்தத் தீர்ப்பு பிறந்த மண்ணிலேயே, அதே ஆண்டுகளில் மூடிய ஓர் ஆலையின் குவியல் பல பத்தாண்டுகள் கிடந்தது. கொள்கையில் குறையில்லை. அதைச் செயல்படுத்தப் போகும்போது நிறுவனத்தின் கையில் பணம் இல்லை, பிறகு நிறுவனமே இல்லை. உத்தரப் பிரதேசத்தில் கான்பூரை அடுத்த ரனியாவிலும் இதே வகைக் குரோமியச் சக்கை, இதே வகை ஆலைகள் விட்டுப்போனது, பல பத்தாண்டுகள் கிடந்தது.

அமெரிக்கா 1980இல் சூப்பர்ஃபண்ட் சட்டம் கொண்டு வந்தது. உரிமையாளர் இருந்தால் அவரிடமிருந்து வசூல், இல்லாவிட்டால் பொது நிதியிலிருந்து செலவு என்பது அதன் வழி. இந்தியாவில் மாசடைந்த நிலங்களுக்கென்று தனி விதிகள் 2025 ஜூலையில்தான் அறிவிக்கப்பட்டன. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலைத் தர வேண்டும், மாநில வாரியம் 90 நாட்களுக்குள் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும், பொறுப்பானவரைக் கண்டறிந்து செலவை வசூலிக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. தேவையான தொடக்கம் இது. பழைய குவியல்களுக்கு இதைவிட வேறு வழியும் இல்லை.

இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளுக்கு இது போதாது. நிலக்கரிச் சுரங்கங்கள், மூடும் செலவுக்கான பணத்தைச் சுரங்கம் ஓடும் காலத்திலேயே தனிக் கணக்கில் கட்டிவர வேண்டும் என்ற விதி நம் நாட்டில் இருக்கிறது. அபாயகரமான கழிவை வளாகத்தில் குவிக்கும் ஒவ்வொரு ஆலைக்கும் அதே விதி வேண்டும். கழிவு டன் கணக்கில் சேரும்போது, அதை அகற்றும் பணமும் டன் கணக்கில் சேர வேண்டும். ஆலையைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, அவற்றின் குரோமிய அளவை ஆண்டுக்கு இருமுறை எடுத்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் ஒட்ட வேண்டும். கணக்குத் தெரிந்த ஊர், மஞ்சள் தெரியும்வரை காத்திருக்காது.

குரோமேட் ஆலை 20 ஆண்டுகளில் சம்பாதித்தது யாருடைய கணக்கிலோ வரவாகிவிட்டது. அதன் செலவை இன்று சுமப்பவர்கள் காரையிலும் புளியங்கண்ணிலும் தண்ணீர் வண்டிக்குக் காத்திருப்பவர்களும், கிணறு இருந்தும் பயிருக்குப் பாய்ச்சத் தயங்குபவர்களும்தான். லாபம் எழுதப்படும் அதே ஆண்டில், அதே ஏட்டில், இந்தச் செலவும் எழுதப்பட வேண்டும். அப்படி எழுதியிருந்தால் சுண்ணாம்பு போட்டுச் சக்கையைப் பெருக்கும் அந்தப் பழைய முறை லாபகரமாகவே தெரிந்திருக்காது. குவியலும் பிறந்திருக்காது.